ஆற்றலும் அருளும்: எபிரேயர் சங்கீதமொன்றன் பொருளாராய்ச்சி



கடவுளுடைய பேராற்றலை எடுத்துரைக்கப் புகுமிடத்து, மக்கள் தாம் கண்டறிந்த வலிய பொருள்களையே துணையாகக் கொள்வர். இடியும் மின்னலும், பெருங்காற்றும் கடலும், எரியும் மலையும் எல்லாச் சமயத்தார் நூல்களிலும் இறைவன் புகழைக் கூறுதற்கு வந்து நிற்றல் இதுபற்றியேயாம். இவ்வுருவகங்களை எவ்வாறு பொருள் கொள்ளல் வேண்டும் என்பது ஒரு வினா. ஆற்றலுடைமை ஒன்றேபற்றி ஒருவரைக் கடவுளென வணங்குதல் தகுமா என்பது மற்றொரு வினா. இவ்விரண்டையும் எபிரேயர் சங்கீதமொன்றனை முன்வைத்து ஈண்டு ஆராய்வாம். பிறசமயத்தார் நூலொன்றனை இப்பத்திரத்திலே எடுத்தல் ஏனெனின், அதற்குக் காரணம் நமது நாட்டுச் சரித்திரத்திலேயே உண்டு.

வெஸ்லியன் சங்கத்துப் பாதிரிமார் 1814 ஆம் ஆண்டிலும், அமெரிக்க மிஷனரிமார் 1816 ஆம் ஆண்டிலும் யாழ்ப்பாணம் வந்து பாடசாலைகளை நாட்டினர். அவற்றிலே கற்ற சைவப் பிள்ளைகள் விவிலியத்தையும் படித்தனர். நல்லூரிலே 1822 ஆம் ஆண்டிலே தோன்றிய ஸ்ரீலஸ்ரீ ஆறுமுகநாவலரவர்கள் யாழ்ப்பாணத்து வெஸ்லியன் ஆங்கிலப் பாடசாலையிலே கற்று, அங்கேயே ஆசிரியருமாகி, பார்சிவல் துரையோடிருந்து விவிலியத்தைத் தமிழ்ப்படுத்தும் பணியிலே உழைத்தார்கள். அம்மொழிபெயர்ப்பின்பொருட்டு 1848 ஆம் ஆண்டிலே அவருடன் சென்னைக்குஞ் சென்றார்கள். அது 1850 ஆம் ஆண்டிலே அச்சாயிற்று. ஆகவே, எபிரேயருடைய சங்கீதங்கள் தமிழிலே நடந்துவந்த வழியில், நல்லூர்ச் சைவரொருவருடைய தமிழறிவும் ஒரு படியாய்க் கிடந்ததென்று அறிக. அந்த 1848 ஆம் ஆண்டிலேயே வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்த நாவலரவர்கள், 1854 ஆம் ஆண்டிலே “சைவதூஷண பரிகாரம்” என்னும் நூலை வெளியிட்டார்கள். சைவாலயங்களிலே நிகழும் விளக்கும் தூபமும் நிவேதனமும் சுத்தியும் மூடர் செயல்களென இகழ்ந்தார்க்கு, அவ்வகைக் கிரியைகள் அவர்தம் பழைய ஏற்பாட்டிலேயே விதிக்கப்பட்டிருத்தலை எடுத்துக்காட்டி விடை கூறுவது அந்நூல்.

இவ்விடை முறையை ஊன்றி நோக்குவார்க்கு அதனுள்ளே ஒரு நீதி விளங்கும். தம் நூலை அளப்பதற்கு ஒரு கோலும், பிறர் நூலை அளப்பதற்கு வேறொரு கோலும் கொள்ளலாகாது என்பதே அந்நீதி. சிவபெருமானுக்குக் கண்ணும் கையும் காலுங் கூறுதல் பேதைமையென்று நகைத்தார் சிலர். அவர் கையிலிருந்த சங்கீதப் புத்தகத்திலோ, கடவுளுக்கு வலக்கையும், புயமும், செவியும், நாசியும், சிறகுங்கூடக் கூறப்பட்டிருந்தன. தம்முடையதை உருவகமென்றும் பிறருடையதை உண்மை உடம்பென்றுங் கொள்வது நடுவுநிலையன்று. அற்றேல், அந்நீதி நம்மையுங் கட்டுமன்றோ? நமது திருவுருவங்களுக்குத் தத்துவப்பொருள் விரித்துரைக்கும் நாம், எபிரேயர் பாட்டைக் கேட்டவுடன் “இஃது இடிக்கு அஞ்சினார் பிதற்றல்” என்று ஒதுக்குவோமாயின், நாவலரவர்கள் கண்டித்த பிழையே நமது பிழையுமாகும். ஆதலின் அப்பாட்டை அதன் முறையிலேயே வைத்து நோக்குவாம்.

எடுத்துக்கொண்டது 29 ஆஞ் சங்கீதம். அது பதினொரு வசனமுடைய சிறு பாட்டு. முதலிலே வானோர் அழைக்கப்பட்டு, மகிமையும் வல்லமையும் கடவுளுக்கே உரியனவென்று சாற்றும்படி ஏவப்படுகின்றனர். பின்பு கடவுளுடைய குரல் வருகின்றது. அது பெருநீரின்மேல் முழங்குகின்றது, லீபனோன் மலையிலுள்ள கேதுரு மரங்களை முறிக்கின்றது, அம்மலையையே கன்றுபோலத் துள்ளச் செய்கின்றது, தீப்பிழம்பை வீசுகின்றது, காதேஸ் வனாந்தரத்தை நடுக்குகின்றது, பிணைமான்களை ஈனச் செய்கின்றது, காடுகளை இலையறச் செய்கின்றது. முடிவிலே, பிரளயத்தின்மேல் அரசனாய் வீற்றிருக்கின்ற கடவுள் தம் மக்களுக்கு வல்லமையைக் கொடுத்துச் சமாதானத்தை அருளுகின்றார். “கடவுளின் குரல்” என்னுந் தொடர் இப்பாட்டில் ஏழுமுறை வருகின்றது. குரல் என்பதற்கு அங்கே வழங்கிய எபிரேயச் சொல் “கோல்” என்பது. அச்சொல்லுக்குக் குரல், ஓசை, இடிமுழக்கம் என்னும் பொருள்கள் உண்டு. ஒரு பெரும்புயல் மேற்கே கடலில் எழுந்து, வடக்கே மலைகளை மோதி, பாலைநிலத்திற் சென்று அடங்கும் வழியையே புலவர் பாடினாரென்று கொள்ளல் பொருந்தும்.

கேதுரு மரத்தை எடுத்தோதியது ஏன்? அது நெடிது வளர்ந்து நூற்றாண்டுகள் நிற்பது, வைரமுடையது. எருசலேமிலே சாலொமோன் ஆலயமும் அரண்மனையும் எடுத்தபொழுது, தீரு நகரத்து அரசனாகிய ஈராம் லீபனோனிலிருந்து கேதுரு மரங்களை அனுப்பினானென்று விவிலியங் கூறும். ஆகவே அது மன்னர் மாளிகைக்குரிய மரம், மேட்டிமைக்கு அடையாளம். தீர்க்கதரிசியாகிய ஏசாயாவும் செருக்குடையாரைக் கேதுரு மரங்களோடு சேர்த்து எண்ணினார். எனவே மரம் முறிதல் என்பது மரத்தளவில் நில்லாது, அதுபோல நிமிர்ந்து நின்ற மானுடச் செருக்கும் முறிதலைக் குறிப்பதாயிற்று.

லீபனோனைக் காணாதார்க்கும் இவ்வுருவகம் விளங்குதல் அரிதன்று. உரும்பிராய்ச் செம்மண் தோட்டவெளியிலே ஐப்பசிமாதத்துப் பிற்பகலில் நின்றவர், கீழ்வானம் கறுத்து எழுந்து, இடி முதலிற் சேய்மையில் உறுமிப் பின் தலைக்கு மேலே வெடிப்பதை அறிவர். தலைமுறை தலைமுறையாக நின்ற பனை ஒன்று இடிவிழுந்து வட்டுக் கருகி நிற்பதையுங் கண்டிருப்பர். அவ்வேளையிலே மனிதன் தன் சிறுமையை யாருஞ் சொல்லாமலே உணர்கின்றான். ஆனால், அந்த இடியோடு வந்த மழைதான் ஆறில்லாத இக்குடாநாட்டிலே சுண்ணாம்புக்கற் பாறைகளினூடு இறங்கிக் கிணறுகளை நிறைப்பது. பனையை எரித்த மேகமும் மிளகாய்க்கன்றைத் தளிர்ப்பித்த மேகமும் ஒன்றே. இவ்விரண்டையும் ஒருங்கே கண்டவர்க்கன்றி இச்சங்கீதத்தின் உட்பொருள் புலப்படாது.

இனி ஆட்சேபங்களை நோக்குவாம்.

முதலாவது: குரலும் ஆசனமுங் கூறுதலால் எபிரேயர் கடவுளை உடம்புடையவராகக் கொண்டாரெனின், அற்றன்று. கடவுளுக்கு விக்கிரகஞ் செய்யலாகாதென்னும் விதி அவர் வேதத்திலே கட்டளையாய் நிற்கின்றது. அவருள் 1138 முதல் 1204 வரை வாழ்ந்த பேரறிஞராகிய மைமோனிடிஸ் என்பார், “மயங்கினோர்க்கு வழிகாட்டி” எனப் பொருள்படும் தமது நூலிலே, கடவுளுக்குக் கூறப்பட்ட அவயவங்களையும் அசைவுகளையும் ஒவ்வொன்றாக எடுத்து, அவை மக்கள் அறிவுக்கு எட்டும்பொருட்டு மக்கள் மொழியிலே சொல்லப்பட்டனவென்று நிறுவினார். உடம்பிலே கை தொழில் செய்வதாதலின் கை என்றது ஆற்றலை. குரல் உள்ளத்திலுள்ளதை வெளிப்படுத்துவதாதலின் குரல் என்றது திருவுளத்தின் வெளிப்பாட்டை. இவ்வாறு கொள்ளுதலே நேரிது.

இரண்டாவது: இப்பாட்டு எபிரேயருக்கே உரியதன்று, அயலாரிடம் பெற்றதென்பார் உளர். சிரியா தேசத்துக் கடற்கரையிலே 1928 ஆம் ஆண்டிலே உழவரொருவர் தற்செயலாய்க் கண்ட கல்லறையால் உகாரித்து என்னும் பழைய நகரம் வெளிப்பட்டது. அங்கே அடுத்த ஆண்டு தொடங்கி எடுக்கப்பட்ட களிமண் ஏடுகளிலே, இடிக்கும் மழைக்கும் இறைவனாகிய பாகால் என்னுந் தேவனுடைய கதைகள் காணப்பட்டன. அவற்றின் சொல்வழக்கும் இச்சங்கீதத்தின் சொல்வழக்கும் ஒத்திருத்தலை அறிஞர் எடுத்துக்காட்டினர். இதனால் பாட்டின் பெருமை குன்றாது. நாட்டிலே வழங்கும் மொழியைக்கொண்டே எப்புலவரும் பாடுவர். பழைய சொல்லைக் கொண்டு எப்பொருளைச் சொன்னார் என்பதே நாம் ஆராயத்தக்கது.

மூன்றாவது ஆட்சேபமே வலியது. அஃதாவது: கடவுள் வலியவர், ஆதலால் வணங்குமின் என்பது அறமாகுமா? வலியவனைப் பணிதல் அச்சத்தாலும் நிகழும். ஊதியம் நோக்கியும் நிகழும். கொடுங்கோல் மன்னன் முன்னும் மக்கள் தாழ்ந்து நின்றனர். அத்தாழ்வு பத்தியாகாது. மரத்தை முறிக்கும் வலிமை யானைக்கும் உண்டு; புயலுக்கும் உண்டு. வலிமையொன்றே வணக்கத்துக்குக் காரணமாயின், வணங்குவோன் அடிமையேயன்றி அடியானாகான்.

இதற்கு விடை அப்பாட்டின் அமைப்பிலேயே இருக்கின்றது. முதல் வசனத்திலே கடவுளுக்கு உரியதென்று சாற்றப்பட்ட வல்லமைக்கு எபிரேய மொழியில் “ஓஸ்” என்று பெயர். கடைசி வசனத்திலே கடவுள் தம் மக்களுக்குக் கொடுப்பதும் அந்த “ஓஸ்” என்பதேயாம். வானோர் ஏத்திய வல்லமையைத் தம்மிடத்தே வைத்துக்கொள்ளாது எளியார்க்கு ஈந்துவிடுகின்றார். ஏழு முழக்கங்களுக்குப்பின் பாட்டு முடியுஞ் சொல் “ஷாலோம்”, அதாவது சமாதானம். இடியிலே தொடங்கி அமைதியிலே முடிதலின், ஆற்றலின் பயன் அமைதியென்பது பெறப்பட்டது. நடுவே கேதுரு முறிதற்கும் பிணைமான் ஈனுதற்கும் ஒரு குரலே காரணமாதலையும் நோக்குக. எபிரேய எழுத்துக்களின் உயிர்க்குறியை மாற்றிப் படித்து, ஈண்டுப் பிணைமான் அன்று, பெருமரங்களே கூறப்பட்டனவென்பாரும் உளர். ஆயினும் வழிவழியாக ஓதப்பட்ட பாடம் பிணைமானென்பதே. அப்பாடத்தின்படி அழிவுக்கும் பிறப்புக்கும் முதல் ஒன்றேயாம்.

சைவ சித்தாந்தம் பயின்றார்க்கு இது புதிய செய்தியன்று. சிவபெருமானுடைய சத்தி என்று நமது சாத்திரங்கள் கூறுவது அவருடைய அருளையே. ஆற்றல் வேறு, அருள் வேறு என்று இரண்டு பொருள்கள் அங்கேயில்லை. உண்மைவிளக்கம் என்னும் நூலிலே மனவாசகங்கடந்தார், கூத்தப்பெருமானுடைய துடியிலே படைப்பையும், அமைத்த கையிலே காப்பையும், அனலிலே அழிப்பையும், ஊன்றிய திருவடியிலே மறைப்பையும், தூக்கிய திருவடியிலே வீட்டையுங் காட்டினார். துடியின் ஓசையும் எரியின் வெம்மையும் ஒரு திருமேனியிலே நிற்கின்றன. அத்திருமேனியோ புன்முறுவல் பூத்திருக்கின்றது. அழித்தலும் பிறவியிலே இளைத்த உயிர்களுக்கு இளைப்பாற்றுதலென்பது நம்மவர் துணிபு. அருள் இனிதாய் வருதலை அறக்கருணை என்றும், கடிதாய் வருதலை மறக்கருணை என்றும் கூறுவர். கடுமை கருணையின் வேடமேயன்றிக் கருணைக்குப் பகையன்று.

இலங்கையிலுள்ள நாம் மறக்கலாகாத சரிதமொன்றும் உண்டு. திருக்கைலாயத்தைப் பெயர்க்கலுற்ற இராவணன் பெருமானுடைய திருவிரலாலே நெரிபட்டு அலறினான். இது கேதுரு முறிந்ததை ஒக்கும். ஆனால் சரிதம் அங்கே முடியவில்லை. செருக்கழிந்து அவன் சாமகானம் பாடியபொழுது, பெருமான் மகிழ்ந்து வாளும் நீண்ட வாழ்நாளும் அவனுக்கு அருளினார். திருஞானசம்பந்தமூர்த்தி நாயனார் தமது பதிகங்களிலே பெரும்பாலும் எட்டாம் பாட்டில் இச்சரிதத்தை எடுத்தோதினார். ஒறுத்தவரே ஈந்தார் என்பதை உயிர்கள் மறவாதிருத்தற்பொருட்டு அவ்வாறு ஓதினாரென்று கொள்ளலாம். அந்நாயனார் பிறந்த சீகாழிக்குத் தோணிபுரமென்றும் ஒரு பெயர். ஊழிப்பெருவெள்ளத்திலே இறைவர் உமையம்மையாரோடு தோணியில் வீற்றிருந்தாரென்பது அத்தல வரலாறு. சங்கீதத்திலே பிரளயத்தின்மேல் வீற்றிருத்தற்கு வழங்கிய “மப்பூல்” என்னும் எபிரேயச் சொல், நோவா காலத்துப் பிரளயத்தைக் கூறுமிடத்தும் இங்குமன்றி அவ்வேதத்தில் வேறெங்கும் வருவதில்லை. வெள்ளத்தை வென்றிருத்தலென்னுங் கருத்து இரு நாட்டிலும் இறைமைக்கு அடையாளமாயிற்று.

நமது ஊரிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. உரும்பிராயிலே விளங்கும் பிள்ளையாருக்குக் கருணாகரப் பிள்ளையார் என்பது திருநாமம். கருணாகரத் தொண்டைமானோடு அவ்வாலயத்தைத் தொடர்புபடுத்திக் கூறும் ஐதிகமும் வழங்கும். அஃது எவ்வாறாயினும், கருணாகரன் என்பதற்குக் கருணைக்கு இருப்பிடமானவன் என்பது பொருள். பிள்ளையார் திருக்கரங்களிலே பாசமும் அங்குசமும் உள. யானையை அடக்குங் கருவியைக் கையிலே கொண்டவருக்குக் கருணையே பெயராயிற்று. இன்னும் வேண்டுமாயின், கிணறு வெட்டுவாரை நோக்குக. அலவாங்கும் சம்மட்டியும் பாறையைப் பிளக்கின்றன. அதைமட்டுங் காண்பார்க்கு அது வன்செயல். நீர் சுரந்தபின்னரே அவ்வடி எதன்பொருட்டு விழுந்ததென்பது விளங்கும்.

இங்ஙனம் ஒப்புமை கூறியதனால், இரு சமயமும் ஒன்றேயென்று எளிதிற் சொல்லிவிடுதலும் தகாது. சொல்லினால் வடித்த உருவத்தை எபிரேயர் ஏற்றனர். கல்லினாலும் செம்பினாலும் வடித்த உருவத்தை விலக்கினர். நாம் இரண்டையும் ஏற்றோம். அவர் கூறும் உருவம் உருவகமாத்திரையே. நாமோ, இறைவர் மாயையாலாகிய உடம்பின்றித் தமது அருளையே திருமேனியாகக் கொண்டு எழுந்தருளுவரென்று சிவஞானசித்தியார் வழிநின்று கூறுகின்றோம். சங்கீதத்தின் கடைவசனம் “தம் மக்கள்” என்று ஓர் இனத்தாரைச் சுட்டுகின்றது. சித்தாந்தமோ எண்ணில்லாத உயிர்கள் அனைத்தையும் சுட்டுகின்றது. இவ்வேறுபாடுகளை மறைத்துப் பெறும் நட்பு உறுதியுடையதன்று. வேறுபாட்டை அறிந்து, ஒப்புமையையும் மதிப்பதே அறிவுடையார் நெறியாம்.

இன்னும் ஓர் ஐயம் எஞ்சி நிற்கின்றது. 1964 ஆம் ஆண்டு மார்கழிமாதத்துப் புயல் ஓரிரவிலே தனுஷ்கோடியை அழித்தது. 2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆந் தேதி எழுந்த கடல் வடமராட்சி கிழக்குக் கரையூர்களிலே குழந்தைகளையும் வாரிக்கொண்டது. அங்கே செருக்குடைய கேதுரு எது? முறிந்தன சிறு கன்றுகளல்லவோ? இதனையும் அருளென்று பாட நாவெழுமாவெனின், ஒன்று கூறுவாம். வினையையும் மறக்கருணையையும் பற்றிய போதனை ஒருவன் தன் துன்பத்தைத் தானே தாங்கி எழும்பொருட்டுத் தரப்பட்ட ஊன்றுகோல். பிள்ளையை இழந்து நிற்கும் தாயை நோக்கி “இஃது உன் வினை” என்று கூறுவோன், அவ்வூன்றுகோலைப் பறித்து அவளையே அடிக்கின்றவனாவான். பிறர் துன்பத்துக்குக் காரணங் கூறுதல் நமக்கு விதிக்கப்பட்டதன்று. துயர் துடைத்தலே விதிக்கப்பட்டது. சங்கீதப் புலவரும் முறிந்ததற்குக் காரணங் கற்பிக்கப் புகவில்லை. வல்லமையும் சமாதானமும் மக்களுக்கு வேண்டுமென்றே முடித்தார். கடலெழுந்த நாளிலே சோறுசமைத்து எடுத்துச்சென்ற கைகளிலேதான் அச்சமாதானம் ஒருசிறிது தோன்றியது.

ஆதலின், ஆற்றலுருவகங்களைப் பொருள்கொள்ளும் விதி இதுவென அறியற்பாலது. உருவத்திலே தங்காது அதன் தொழிலை நோக்குக. தொழிலிலே தங்காது அதன் பயனை நோக்குக. பயன் அருளாயின் அவ்வாற்றல் வணங்கத்தக்கது. அன்றாயின் அஞ்சத்தக்கதேயன்றி வணங்கத்தக்கதன்று.

இவ்விதி கடவுளைப்பற்றிய விசாரணையோடு முடிந்துவிடாது. யாவன் எதனை வணங்குகின்றானோ, அவன் மெல்லமெல்ல அதன் தன்மையை அடைவான். வெறும் வலிமையை வணங்குவோன் தனக்கு வலிமை வாய்த்தபொழுது அடைப்பான், அடிப்பான், தடுப்பான். 1968 ஆம் ஆண்டிலே மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலிலே, உட்சென்று வழிபட வேண்டிநின்ற அடியார் தடுக்கப்பட்டனர். வாயிலை அடைக்கும் ஆற்றல் தடுத்தார்க்கு இருந்தது. அவ்வாற்றல் உள்ளே எழுந்தருளியிருந்தவருடைய ஆற்றலின் வகையைச் சேர்ந்ததா என்பதே கேள்வி. உள்ளேயிருப்பது கொடுக்கும் ஆற்றல். வாயிலிலே நின்றது மறுக்கும் ஆற்றல். இரண்டுக்கும் ஒரு பெயரிடுதல் சிவநிந்தையாம். வீட்டிலே தந்தைக்கும், பாடசாலையிலே ஆசிரியருக்கும், சபையிலே கற்றாருக்கும், ஊரிலே பொருளுடையாருக்கும், நாட்டிலே பெரும்பான்மையோருக்கும் ஆற்றல் உண்டு. ஒவ்வொருவரும் தம் ஆற்றலினாலே எளியார்க்கு வலிமை பிறந்ததா, அச்சம் பிறந்ததா என்று தம்மைத் தாமே வினாவுதல் கடன்.

மெய்யன்பர்களே, இடிமுழக்கங் கேட்டபோது எபிரேயப் புலவர் அஞ்சி ஓடாது, அம்முழக்கம் சமாதானத்திலே சென்று முடிவதைச் செவியேற்றுப் பாடினார். துடியோசை கேட்ட நம்மவர் தூக்கிய திருவடியைக் கண்டு பாடினர். பிறர் பாட்டின் பொருளை நடுவுநிலையோடு உணர்ந்து, நம் பாட்டின் பொருளை நம்மொழுக்கத்திலே காட்டி, ஆற்றலெல்லாம் அருளாக விளைய வாழ்வோமாக.

சுபம்.